மதனகாமப்பூ: இரண்டு சைகஸ், ஒரே சந்தை

குற்றாலச் சாரலில் குளித்த கையோடு மூலிகைக் கடைகளை எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கப்படுவது பூவே அல்ல. சைகஸ் மரத்தின் ஆண் கூம்பு. ஆண்மை பெருகும் என்று நம்பி வாங்குகிறார்கள்.

தென்காசியை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது சைகஸ் சர்சினாலிஸ். இதன் உறவான சைகஸ் பெடோமி, திருப்பதி, கடப்பா மலைகளில் மட்டுமே இருக்கிறது. அங்கும் கூம்பை வெட்டுகிறார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இரண்டுமே 'அருகிவரும்' இனங்கள்.

சட்டம் மட்டும் இவற்றை ஒரே தட்டில் வைக்கவில்லை. பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் பெடோமி கடுமையான முதல் இணைப்பில், சர்சினாலிஸ் இரண்டாவதில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் தாவரங்களுக்கென்று கொண்டுவந்த பட்டியலில் ஆறே பதிவுகள். பெடோமி அதில் இருந்தது, சர்சினாலிஸ் இல்லை.

இதற்கு நியாயம் உண்டு. பெடோமியின் வாழிடம் மிகச் சிறியது. காட்டுத்தீ அடிக்கடி பிடிக்கும் வறண்ட மலை. முற்றாக அழியும் அபாயம் அதற்கே அதிகம். ஆனால் அந்த மலைகளில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் இருக்கின்றன. சர்சினாலிஸோ மகாராஷ்டிரம் முதல் தென்கோடி வரை சிதறிக் கிடக்கிறது. பரவலாக இருப்பதாலேயே பத்திரம் என்று எண்ணிவிடுகிறோம்.

கூம்பை வெட்டினால் மரம் சாகாதே என்பது பறிப்பவர்களின் வாதம். உண்மைதான், சாகாது. ஆனால் சைகஸில் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் உதிருமுன் கூம்பு போய்விட்டால் பக்கத்துப் பெண் மரத்தில் விதை பிடிக்காது. பெரிய மரங்கள் நிற்கும், கன்றுகள் இராது. மெதுவாக வளரும் இந்த இனத்தில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியவே பல ஆண்டுகள் ஆகும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. காய்ந்து பொடியான கூம்பு எந்த இனத்துடையது என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஒன்றைத் தடுத்து மற்றதைத் தாராளமாக விற்கவிட்டால், தடுக்கப்பட்டதும் மற்றதன் பெயரிலேயே விலைபோகும். சைட்டிஸ் பன்னாட்டு வணிகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. தென்காசியிலிருந்து சென்னைக்குப் போகும் மூட்டை அதன் வரம்புக்குள் வராது.

ஆகவே என் முடிவு இது: அழிவின் விளிம்புக்கு நெருங்கி நிற்பது பெடோமி, இன்றே கவனம் வேண்டுவது சர்சினாலிஸ். காட்டிலிருந்து எடுத்த கூம்பின் விற்பனையை, எந்த இனம் என்று பாராமல், உள்நாட்டுச் சந்தையிலேயே நிறுத்த வேண்டும். அதுவரை, சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் மதனகாமப்பூவை வாங்காமல் வரலாம்.