ஈரத்துணியின் கணக்கு

புதுப்பானை வாங்கி வந்ததும் அதைத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். அப்போது காதைச் சற்று அருகில் கொண்டுபோக வேண்டும். 'சிர்ர்' என்று மெலிதாக ஒரு சத்தம். பானையின் மேலெல்லாம் கடுகைவிடச் சிறிய குமிழிகள் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பிரிந்து மேலே போகும். மண்வாசனை எழும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. கண்ணுக்கு ஓட்டையில்லாத சுவர்தான் அது. அதற்குள் இவ்வளவு காற்று எங்கே குடியிருந்தது?

அந்தக் குடியிருப்புக்குப் 'புரை' என்று பெயர். கண்ணில் வந்தால் நோய், புண்ணில் ஓடினால் ஆபத்து என்று பேச்சுவழக்கில் கெட்ட பெயர் எடுத்துவிட்ட சொல். கல்லிலும் மண்ணிலும் அதுவே உயிர்நாடி. செம்புரைக்கல் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள்: செம்மை, புரை, கல். நிறத்தையும் துளைகளையும் மூன்றே அசையில் பிடித்துவிட்ட பெயர். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் அதே கல்லைக் கண்ட ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். அவர் அந்தக் கல்லின் பயனைப் பார்த்தார். நம் பெயர் கல்லின் உள்ளேயே பார்த்துவிட்டது.

சரி, ஒரு பொருளில் புரை எவ்வளவு என்று அளப்பது எப்படி? இல்லாத ஒன்றைத் தராசில் வைக்க முடியாது. இருக்கிற ஒன்றை அதற்குள் குடியேற்றி, குடிவந்ததன் எடையைப் பார்க்க வேண்டும். உடைந்த பானை ஓடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நன்றாக உலர்த்தி நிறுத்தால் 100 கிராம். பிறகு நீரில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். மட்பாண்டச் சோதனையில் ஐந்து மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் அப்படியே ஊறவிடுவது வழக்கம். மூலையில் பதுங்கிய காற்றும் வெளியேற வேண்டுமே! ஊறிய ஓட்டை நூலில் கட்டி, நீருக்குள் தொங்கவிட்டபடி நிறுத்தால் 61 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே எடுத்து நிறுத்தால் 115. உள்ளே போன நீர் 15 கிராம். 115-இல் 61 போக 54, ஓடு விலக்கிய நீரின் எடை; அதுவே ஓட்டின் முழுப் பருமன், கன சென்டிமீட்டரில். 54-இல் 15 பங்கு, அதாவது நூற்றுக்கு 28-க்குச் சற்றுக் குறைவு, வெறும் இடம். கையில் கனக்கிற ஓட்டில் கால்பங்குக்கு மேல் ஒன்றுமே இல்லை!

இந்தச் சோதனையில் என்னை மிகவும் கவர்ந்தது தராசல்ல, துணி. ஊறிய ஓட்டை நிறுக்கும்முன் அதன் மேல் வழியும் நீரை எடுத்துவிட வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால், மேல்நீரோடு துளைக்குள் இருக்கும் நீரையும் துணி உறிஞ்சிவிடும். துடைக்காமல் விட்டால் மேல்நீரும் கணக்கில் ஏறிவிடும். ஆகவே துணியை முதலில் நனைத்துப் பிழிந்து, அந்த ஈரத்துணியால் ஒற்றுவார்கள். பளபளப்பு போய் ஈரம் மட்டும் நிற்கிற கணம் ஒன்று உண்டு, அந்தக் கணத்தில் நிறுக்க வேண்டும். குழந்தையின் நெற்றியில் பற்றுப்போடுகிற அளவு பக்குவம் கையில் வேண்டும். சோதனைக்கூடம் முழுக்கக் கருவிகள் இருந்தாலும், விடை சரியா தப்பா என்பது பிழிந்த துணியிடம் வந்து நிற்கிறது.

மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் இவ்வளவு சிரமம் வேண்டாம். ஒரே அளவான கூழாங்கற்களை ஒரு படியில் தலைதட்டி நிரப்பி, ஆழாக்கால் நீரை அளந்து ஊற்றுங்கள். எட்டு ஆழாக்கு கொள்ளும் படி, கல் நிறைந்த பிறகும் ஏறக்குறைய மூன்று ஆழாக்கு நீரை வாங்கிக்கொள்ளும். கல்லுக்குப் பதில் கடுகளவு மணிகளை நிரப்பினாலும் இடைவெளியின் பங்கு ஏறக்குறைய அதேதான். மணி சிறுத்தால் இடைவெளியும் சிறுக்கும், ஆனால் எண்ணிக்கை பெருகி ஈடுகட்டிவிடும். 1899-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்லிக்டர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரே அளவுள்ள உருண்டைகளைச் சதுரமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வெற்றிடம் நூற்றுக்கு 47.6. பழக்கடைக்காரர் ஆரஞ்சை அடுக்குவதுபோல் பள்ளத்தில் பொருத்தி அடுக்கினால் 26. இரண்டிலும் உருண்டையின் அளவுக்கு இடமே இல்லை, அடுக்கும் விதம்தான் பேசுகிறது. சிறியதையும் பெரியதையும் கலந்தால்தான் இந்த எண் சட்டென்று இறங்கும். ஜல்லியின் சந்தில் மணலும், மணலின் சந்தில் சிமென்ட்டும் போய் உட்காரும்படி கொத்தனார் கலக்கிறாரே, அது முழுக்க இந்தக் கணக்குத்தான்.

ஆனால் பங்கு வேறு, வழி வேறு. களிமண்ணில் பாதிக்குப் பாதி வெற்றிடம் இருக்கலாம். ஆற்றுமணலில் அதைவிடக் குறைவுதான். இருந்தும் மணல் நீரை மளமளவென்று இறக்கிவிடுகிறது, களிமண்ணோ ஏரிக்கரையாக நின்று நீரை மறிக்கிறது. அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை, நீர் அவற்றின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. எரிமலைக் கல்லான பியூமிஸ் இன்னொரு விதம். நுரை அப்படியே கல்லானது அது. அறைகள் ஏராளம், பலவற்றில் அடைபட்ட காற்று எளிதில் வெளியேறாது. அதனால்தான் கல்லாகப் பிறந்தும் கடலில் மிதக்கிறது.

நுண்ணிய வழிகளின் அகலத்தை அறியப் பாதரசத்தை நாடுகிறார்கள். நீர் கூப்பிடாமலே துளைக்குள் போய்விடும். பாதரசம் பிடிவாதமானது, தள்ளினால்தான் போகும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு அழுத்தம் வேண்டும். 1921-இல் அமெரிக்க வேதியியலாளர் வாஷ்பர்ன் தந்த சமன்பாட்டின்படி, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்திற்கு ஏறத்தாழ 15 மைக்ரான் அகலத் துளை வரை அது நுழையும். 2000 மடங்கு அழுத்தினால், ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காக்கினால் கிடைக்கும் நூலிழையைவிடவும் ஒடுங்கிய துளைக்குள் போய்விடும். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: குறுகிய கழுத்தும் பெரிய வயிறும் கொண்ட துளையானால், பாதரசம் கழுத்தின் அகலத்தையே சொல்லும். உள்ளே எத்தனை பெரிய அறை இருந்தாலும் வாசலின் அளவுதான் கணக்கில் ஏறும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி பானையைப் பார்க்கிறேன். வெறும் களிமண் உலரும்போது வெடிக்கும் என்பதால் குயவர் மணல் சேர்க்கிறார். சூளையில் நீர் போகிறது, மண்ணிலிருந்த வேரும் சருகும் எரிந்து தம் இடத்தை விட்டுப் போகின்றன. சூடு மீறினால் மண் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும், குறைந்தால் பானை நீரில் கரையும். சுண்டிப் பார்த்துக் காதால் தீர்மானிப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தைத்தான். நீர் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. கசிந்து வந்த ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது 580 கலோரி அளவு வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. வெளிச்சூடு உள்ளே வராதிருந்தால், ஒரு லிட்டரில் பத்து கிராம் போனாலே மீதி நீர் ஆறு டிகிரி குளிர்ந்துவிடும்! உப்புநீர் ஊற்றி ஊற்றித் துளைகளில் உப்பு படிந்தால் அந்தக் குளிர்ச்சி குறையும். "பழைய பானை, குளிராது" என்று வீட்டில் சொல்வது அதைத்தான்.

அடுத்த முறை பானை உடைந்தால் ஒரு ஓட்டை எடுத்து வையுங்கள். அடுக்களைத் தராசும் ஒரு நூலும் போதும். துணியை மட்டும் நன்றாக நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள்.