பிற்பாட்டு: தீவகத்து நாட்டார் பாடலும் குடும்ப மரபும்

கூத்துக் களரியிலே ஒருவன் பாடும் அடியை ஓரத்தே நிற்கும் சிலர் வாங்கி மீண்டும் பாடுவர். அதனை யாழ்ப்பாணத்தார் பிற்பாட்டு என வழங்குவர். ஆடுவோன் மூச்சு வாங்குதற்கு இடந்தருவதே அதன் பயன் என மேலோட்டமாக நோக்குவோர் கருதலாம். களரியிற் பழகியோர் அவ்வாறு கருதார். பாடியவன் அடி பிழைப்பின் திருத்துவதும், மறந்தானாயின் எடுத்துக் கொடுப்பதும், தாளம் தளராமற் காப்பதும் பிற்பாட்டுக்காரரின் கடனாகும். முன்பாட்டு ஒருவனது திறமையைக் காட்டும்; பிற்பாட்டோ ஓர் ஊர் அப்பாட்டைத் தன்னதாக ஏற்றுக்கொண்டமையைக் காட்டும்.

நாட்டார் பாடல்களைப் பற்றி எழுதியோர் இப்பிற்பாட்டுக்கு உரிய இடத்தைப் பெரும்பாலும் அளித்திலர். சொல்லின் எளிமையையும் உவமையின் அழகையும் பாராட்டினர். பாட்டை ஏற்றுப் பாடிய குரல்களை எண்ணாது விட்டனர். ஆயின், வாழ்நாள் முழுவதும் ஒரு வீட்டிலே வழங்கிய பாடல்களை அவ்வீட்டார் முதுமையில் மீண்டும் எடுத்துப் பாட முற்படும்போது முதலில் உணரும் குறை சொல்லின் குறையன்று, எதிர்க்குரலின் குறையே. யாழ்ப்பாணத்துத் தீவகம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியன கடலும் வயலும் பனையும் அருகருகே அமைந்த நிலங்கள். ஆங்குப் பிறந்த பாட்டுகளிற் பெரும்பாலன தொழிலோடு பிறந்தவை. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுக்க, மற்றையோர் ‘ஏலேலோ’ என ஏற்பர். அவ்வேற்புக் குரலிலேதான் கைகள் ஒருங்கே கயிற்றைப் பற்றி இழுக்கின்றன. தெய்வ வணக்கமும், காதலும், சம்மாட்டியைப் பற்றிய மறைமுகமான கேலியும் அடியெடுப்போன் விருப்பப்படி வந்து சேரும். சொல் மாறலாம், ஏற்புக் குரல் மாறாது. அது மாறின் வலை நகராது. துலாப்பாட்டும் அத்தகையதே. துலாவின் மேல் நடப்போனையும் கிணற்றடியிற் பட்டை பிடிப்போனையும் ஒரே தாளத்திற் பிணைத்து, இறைத்த பட்டைகளை எண்ணிவைத்த பாட்டு அது. காத்தவராயன் கூத்தின் சிந்துநடை மெட்டும், கடற்கரைக் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்துப் பாடலும், மகளிர் கும்மியும் பல குரல்களை வேண்டி நிற்பன.

தாலாட்டு ஒருத்தி தனித்துப் பாடுவதன்றோ எனின், அதற்கும் பிற்பாட்டு உண்டு. அது இருபது ஆண்டு தாழ்ந்து வருவது. தொட்டிலிற் கிடந்து கேட்ட மகள், தன் மகவைத் தாலாட்டும் நாளில் தாயின் பாட்டுக்கு விடை கூறுகின்றாள்.

இத்தகைய பாடல்களைக் கற்றோர் என்றும் இகழ்ந்தே வந்தனர் என்பது பொருந்தாது. தொல்காப்பியர் செய்யுளியலிற் பண்ணத்தி எனப் பாடல் வகையொன்றைச் சுட்டினார். இளங்கோவடிகள் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குரவையையும் தம் காப்பியத்தில் அமைத்தார். வாழ்த்துக் காதையில் அம்மானைக்கும் பந்துக்கும் ஊசலுக்கும் உலக்கைப் பாட்டாகிய வள்ளைக்கும் இடமளித்தார். கானல்வரியோ இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. கடற்கரையிலே கோவலன் பாட, மாதவி யாழை வாங்கி எதிர் பாடுகின்றாள். அவ்வெதிர்ப்பாட்டின் கருத்தைக் கோவலன் பிறழக் கொண்டமையே பிரிவுக்கு வாயிலாகிக் கதையை மதுரைக்கு இட்டுச் செல்கின்றது. பாட்டுக்கு எதிர்ப்பாட்டு எத்துணை வலிமையுடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழிலே காண்டல் அரிது.

மாணிக்கவாசகரும் மகளிர் விளையாட்டிலும் தொழிலிலும் வழங்கிய அம்மானை, பொற்சுண்ணம், பூவல்லி, பொன்னூசல், சாழல் ஆகிய வடிவங்களைத் திருவாசகத்திற் போற்றினார். திருச்சாழலில் ஒருத்தி இறைவனது செயலைக் குறித்து வினாவ, மற்றொருத்தி விடை பகர்கின்றாள். இருவருள் ஒருத்தியை நீக்கின் வடிவமே கெடும். நாட்டார் பாடலின் மெட்டை மட்டும் கொள்ளாது, அதன் எதிர்க்குரலையும் உடன்கொண்டமை அடிகளின் புலமை நுட்பத்தைக் காட்டுவதாகும்.

இந்நுட்பம் அச்சு நூல்களிற் பெரும்பாலும் தவறிப்போயிற்று. சார்ள்சு கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கி. வா. சகந்நாதனின் ‘மலையருவி’ 1958இலும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இலும் வெளிவந்தன. ஈழத்தில் வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் வடபகுதிப் பாடல்களையும் ஒப்பாரிகளையும் தேடித் தொகுத்தார், பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்து மரபுக்குப் பல்கலைக்கழக அரங்கிலே புத்துயிர் ஊட்டினார். இவர்கள் செய்த தொண்டு பெரிது. அவர்கள் தொகுத்திராவிடின் பல பாடல்கள் பாடினோரோடு மறைந்திருக்கும். எனினும் அச்சேறிய பாட்டு ஒரு குரற் பாட்டாகவே நிற்கின்றது. யார் எடுத்தார், யார் ஏற்றார், எவ்விடத்தில் இருவர் சொல் மாறுபட்டனர் என்பன தாளில் இல்லை. ‘ஏலேலோ’ ஒருமுறை அச்சிடப்பட்டுப் பின்னர் இடமிச்சம் கருதி விடப்படுகின்றது. ஆனால் வலையை இழுத்தது அந்த ‘ஏலேலோ’தான்.

பாட்டைக் குடும்பமாகக் காத்த வேற்று நாட்டார் ஒருவரது வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இங்கிலாந்தின் தென்கரையில் றொட்டிங்டீன் என்னும் ஊரிலே கொப்பர் குடும்பத்தார் ஆடு மேய்த்தும் பயிர்த்தொழில் செய்தும் வாழ்ந்தனர். 1898இல் நாட்டுப் பாடற் கழகத்தைச் சேர்ந்த கேற் லீ அம்மையார் அவ்வூர்க்குச் சென்று, அக்குடும்பத்து உடன்பிறந்தார் இருவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டார். மூத்தவரின் மகன் ஜிம் கொப்பர் 1936இல் குடும்பப் பாடல்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். 1950இல் பி.பி.சி. வானொலி அவர்கள் குரலை நாடறியச் செய்தது. ஜிம்மின் மகன் பொப் கொப்பர் 1971இல் குடும்ப வரலாற்றையும் பாடல்களையும் நூலாக்கினார், 2004இல் மறைந்தார். அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் அப்பாடல்களைத் தொடர்ந்து பாடினர்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கவேண்டியது நோட்டுப் புத்தகம் அன்று. கொப்பர் குடும்பத்தார் இரு குரல்களை இணைத்துப் பாடும் வழக்கினர். நோட்டிலே சொற்கள் இருந்தன. குரல்களின் இணைப்போ வாயில் இருந்தது. ஒரு குரல் ஓய்ந்தவிடத்து அடுத்த தலைமுறையார் அக்குரலை ஏற்றனர். ஆகவே அவர்கள் காத்தது பாட்டுகளின் தொகுதி மட்டுமன்று. பாட்டிலே அவரவர்க்குரிய இடத்தையுமாம்.

தமிழகத்திலே மதுரையை நிலைக்களனாகக் கொண்டு விசயலட்சுமி நவநீதகிருட்டிணனும் அவர் கணவர் நவநீதகிருட்டிணனும் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து, ஆராய்ந்து, இருவருமாக மேடையிற் பாடினர். விசயலட்சுமி நவநீதகிருட்டிணனுக்கு 2018இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. கற்றவர் வீடே பாட்டுக்கு வீடாதலும் கூடும் என்பதற்கு இவ்விணையர் சான்றாவர். ஒருவர் எடுக்க மற்றவர் ஏற்றமையால், மேடைக்கு வந்த பின்னரும் அப்பாட்டுகள் தம் இயல்பை முற்றும் இழந்தில.

தீவகத்தின் நிலை இவ்விரண்டினும் கடினமானது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா ஓய்ந்தது. துலாப்பாட்டுக்கு வேலை இல்லாதாயிற்று. கடற்றொழிலிலும் இயந்திரங்கள் புகுந்து பாட்டின் தேவையைக் குறைத்தன. இவை எந்நாட்டுக்கும் பொதுவான மாற்றங்கள். ஆனால் போர் இழைத்தது வேறு. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகிலே பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்து ஊர்கள் பல வெறுமையாயின. மக்கள் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் பெயர்ந்தனர்; பலர் ரொறன்ரோ, இலண்டன், பாரிசு முதலிய நகரங்களிற் குடியேறினர். வேறு இடங்களில் தொழில் மறைந்தபின்னும் பாட்டுக்கு வீடு எஞ்சியிருந்தது. தீவகத்திலோ தொழிலோடு வீடும் கலைந்தது.

கலைந்த வீட்டார் கூடிப் பழம்பாட்டை எடுக்கும் வேளையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெத்தாச்சிக்கு முதலடி நினைவிருக்கும். மெட்டு மூத்த மகனிடம் இருக்கும். நடுவிலுள்ள நான்கு அடிகள் கடல் கடந்து வாழும் தங்கையிடம் இருக்கும். ஒரு சொல்லைப் பற்றி அண்ணனும் தங்கையும் மாறுபடுவர். தொகுப்போர் இரண்டில் ஒன்றைச் சரியெனக் கொண்டு மற்றதைத் தள்ளுவர். அது ஏட்டுச்சுவடிக்குப் பொருந்தும் முறை, வாய்மொழிக்குப் பொருந்தாது. அவ்விருவர் மாறுபாடே அப்பாட்டு இரு வாயிலும் வாழ்ந்தமைக்குச் சான்றாகும்.

மீட்கலாகாத பாட்டும் ஒன்றுண்டு. ஒப்பாரியைச் சாவில்லாத வீட்டிலே சொல்லுதல் தகாது என்பது நம்பிக்கை. ஒலிப்பதிவுக் கருவியை முன்வைத்து ஒப்பாரி சொல்லுமாறு கேட்பின் முதிய பெண்கள் தயங்குவர். அத்தயக்கத்தை அறியாமை எனக் கொள்ளுதல் பிழை. சாவீட்டிலே ஒருத்தி சொல்லத் தொடங்க, அவளைக் கட்டித் தழுவிய மற்றொருத்தி தன் இழப்பையும் சேர்த்துச் சொல்வாள். ஏற்பாரின்றிச் சொல்லும் ஒப்பாரி வெறும் சொல்லடுக்காகும் என்பதை அப்பெண்கள் அறிவர். தீவக மக்கள் பலர் தம் உறவினரின் சாவுக்கும் ஊர் திரும்ப இயலாதிருந்தனர். அவர்கள் இழந்தது ஒப்பாரியின் சொற்களை அன்று. அதனைக் கட்டியழுது ஏற்கும் தோள்களையே.

வலையில்லாத இடத்தில் அம்பாப் பாட்டு எதற்கு என்று வினாவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. இனிய குரலுடையார் ஒருவரைத் தெரிந்து, இசைக்கருவி பல கூட்டி, பிற்பாட்டை ஒரே அச்சில் வார்த்த குழுப்பாட்டாக்கி மேடையேற்றின் அது காட்சிப் பொருளே. சுருதி விலகும் மூதாட்டியின் குரலை ஒதுக்கிவிட்டுப் பெறும் இனிமை, பாட்டின் உடைமைக்காரியை வெளியே நிறுத்திவைத்த இனிமையாகும். ஆயின் ஒரு குடும்பம் தன் வீட்டிலே, பெத்தாச்சி எடுக்கப் பேரப்பிள்ளைகள் பிழைபட்டேனும் ஏற்கப் பாடுமாயின், அது காட்சிப் பொருளன்று. அங்கே கயிறு இல்லை. ஆனால் ஒருங்கே இழுத்தல் இருக்கிறது.

எனவே நாட்டார் பாடலை மதிப்பிடுவோர் ஓர் அளவுகோலைப் புதிதாகக் கைக்கொள்ளல் வேண்டும். சொல் பழமையானதா, மெட்டுத் தூயதா என்பவற்றோடு, ஏற்கும் குரல் உயிரோடுள்ளதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். தொகுக்கச் செல்லும் மாணவர் ஒருவரைத் தனியே அழைத்துப் பாடச் சொல்லாது வீட்டாரைக் கூட்டிவைத்துக் கேட்டல் நன்று. எடுத்தவர் யார், ஏற்றவர் யார் என்று குறித்தல் நன்று. மாறுபட்ட சொற்கள் இரண்டையும் எழுதுதல் நன்று.

சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து உலகறியச் செய்த தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிலே பிறந்தார். நெய்தற் பாட்டை ஏட்டிலே கண்டு விளக்கிய அறிஞரைத் தந்த அந்நிலம், வாயிலே வழங்கிய நெய்தற் பாட்டையும் தந்தது. முன்னதற்கு உரையும் பதிப்பும் உள. பின்னதற்குள்ள உரை, பாடினோர் வீட்டார் நினைவே. அந்நினைவு தீவுதோறும் நகர்தோறும் பங்குபட்டுக் கிடக்கின்றது. முதலடியை எடுத்துக் கொடுக்க இன்னும் சில முதியோர் உளர். ஏற்க வேண்டியவர் இளையோரே.