கம்பளிக்கு மேலே

அந்நிய நகரத்தில் படித்த அனுபவம் தமிழில் பெரும்பாலும் பயணக் கட்டுரையாகவே எழுதப்படுகிறது. பயணி பார்த்துவிட்டுப் போகிறான். மாணவன் அங்கே குடியிருக்க வேண்டியவன். பயணிக்குத் தன் தெரியாமை ஒரு சுவாரஸ்யம். மாணவனுக்கு அது ராத்திரிக் குளிர்.

1914இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த ராமானுஜனை எடுத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி எஸ். ஆர். ரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதிய 1967ஆம் வருஷத்து நூலில் மகலனோபிஸின் நினைவு ஒன்று வருகிறது. அவரும் அப்போது அங்கே மாணவர். இரவில் குளிர்கிறதா என்று கேட்கிறார். ஓவர்கோட்டோடு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்கிறார் ராமானுஜன். உள்ளே போய்ப் பார்த்தால் கம்பளிகள் கட்டிலில் இறுக்கிச் செருகியபடியே இருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்று தெரியாமல் மேலேயே படுத்திருக்கிறார்.

மேதையின் வெகுளித்தனம் என்று இதைச் சிரித்துக் கடப்பது நம் வழக்கம். எனக்கு இலக்கியத்தின் விஷயமே இதுதான். கதகதப்பு முதுகுக்குக் கீழேயே இருக்கிறது; ஒருவர் கேட்ட பிறகுதான் குளிர் வெளியே வருகிறது.

மல்லாங்கிணற்றுக்கு வந்த கடிதங்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கின. இன்று கைபேசியில் சிரித்த முகம் வருகிறது. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் சேர்த்த காசில் அனுப்பியவர்களிடம் குளிர்கிறது என்று எப்படிச் சொல்வது? அந்த மௌனம் நியாயமானது. கடிதம் மறைக்கலாம். எழுத்து மறைக்கக் கூடாது. எழுதியவன் எப்படிப் படுத்துத் தூங்கினான் என்று தெரியாத வரையில், எத்தனை வருணனை இருந்தாலும் அந்த நகரத்துக்கு அவன் போகவே இல்லை.