எழுத்தின் இடமும் ஒலியின் வரிசையும்: ஜ்யோத்ஸ்னா வைத்தின் வாசிப்பாய்வுகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

திருவனந்தபுரத்துப் பழவங்காடியிலும் அதனை அடுத்த சாலைக் கடைத்தெருவிலும் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956ஆம் ஆண்டு தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், தலைநகர்த் தமிழர் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினராயினர். இக்குடும்பங்களில் பிறந்த குழந்தை தமிழோடு மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றையும் படிக்க வேண்டியுள்ளது. ஒரே கண் நான்கு எழுத்துமுறைகளைக் கடக்கும்போது நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜ்யோத்ஸ்னா வைத்தின் ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. இருமொழியாளரின் மொழிச் செயலாக்கம் குறித்து 1986இல் அவர் பதிப்பித்த தொகுப்பு இத்துறையில் முன்னோடியானது.

ஆய்வின் அடிப்படை

வைத்தும் ஆஷும் குப்தாவும் 2002இல் வெளியிட்ட ஆய்வு தேவநாகரி எழுத்தைப் பற்றியது. இந்தியில் குறில் இகரத்தின் குறி மெய்க்கு இடப்புறம் எழுதப்படுகிறது. ஆனால் மெய்க்குப் பின்னரே ஒலிக்கப்படுகிறது. இவ்வாறு கண்ணின் வரிசையும் நாவின் வரிசையும் முரணும் சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரம் ஆயிற்று; பிழைகளும் மிகுந்தன. வாசகர் அசையை முழுமையாகவும் கொள்கின்றனர், ஒலிகளாகவும் பிரிக்கின்றனர் என்பதே அவர்கள் கண்ட முடிவு. 2011இல் வைத் பிறரோடு இணைந்து செய்த ஆய்வில், இந்தி, உருது ஆகிய இரு எழுத்துகளும் அறிந்தோர் இந்திச் சொற்களையே விரைந்து படித்தனர். உருதுவில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. இடத்திற்கேற்ப எழுத்தின் வடிவமும் மாறுகிறது. ஆகவே வாசிப்பின் வேகம் வாசகரின் திறனை மட்டுமன்றி, எழுத்தின் இயல்பையும் சார்ந்தது என்பது பெறப்படுகிறது.

தமிழ் நோக்கில் மதிப்பீடு

மெய்யைத் தொடர்ந்தே உயிர் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. வரிவடிவமோ அவ்வாறு அமையவில்லை. எ, ஏ, ஐ ஆகியவற்றின் குறிகள் மெய்க்கு முன் நிற்கின்றன. ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்கின்றன. பன்னிரண்டு உயிர்களுள் ஆறு இத்தகையன. உயிர்மெய் 216இல் 108 இவ்வகைப்படும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்மை ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியது. குறியின் இடத்தை மாற்றவில்லை.

வைத்தின் ஆய்வில் எஞ்சும் வினா இங்கேயே எழுகிறது. இந்தியில் இடப்புறக் குறி ஒன்றே, அது விதிவிலக்கு. எனவே அங்குக் காணப்பட்ட தாமதம் வரிசை முரணால் விளைந்ததா, விதிவிலக்கின் அருமையால் விளைந்ததா என்று அச்சான்றை மட்டும் கொண்டு துணிய இயலாது. பாதி உயிர்களுக்கு அம்முரணே வழக்கமாகிவிட்ட தமிழும், அதனை ஒத்த மலையாளமுமே இதற்கு உரிய சோதனைக் களங்கள். தனிச்சொல்லை உரக்கப் படித்தல் மட்டுமே வாசிப்பாகாது என்பதும் கருதத்தக்கது. தொடரின் பொருள் அத்தாமதத்தை ஈடுசெய்யக்கூடும்.

பழவங்காடிக் குழந்தையின் நிலை மேலும் சிக்கலானது. 'கி' என்பதன் குறி தமிழிலும் மலையாளத்திலும் மெய்க்குப் பின் வருகிறது. இந்தியில் முன் வருகிறது. 'கே' என்பதன் குறி முன்னிரண்டிலும் மெய்க்கு முன் வருகிறது. இந்தியில் மேலே அமைகிறது. மேலும், மலையாளத்தில் ககர வருக்கத்திற்கு நான்கு தனி எழுத்துகள் உள்ளன. தமிழிலோ கடல், தங்கம், மகள் ஆகிய மூன்றிலும் எழுத்து ஒன்றே. அது நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. மலையாளத்தை முதலில் கற்ற குழந்தை தமிழில் தயங்குமாயின், அது மொழியறிவின் குறை அன்று. ஓர் எழுத்துப் பழக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் உழைப்பாகவும் இருக்கலாம்.

முடிவுரை

தேவநாகரியை முன்னிட்டு வைத் எழுப்பிய வினா தமிழாய்வுக்கும் உரியது. எழுத்தியலை இலக்கண உரைகளோடு நிறுத்திவிடாமல், வாசிக்கும் கண்ணோடும் பொருத்திக் காண்பது தமிழ்த்துறைகளின் கடமையாகும். இருமொழிக் குழந்தையின் தயக்கத்தைப் பின்தங்கல் என மதிப்பிடுமுன், அக்குழந்தை எவ்வெழுத்தை முதலில் கற்றது, எக்குறியில் தயங்குகிறது என்று கேட்டறிதல் வேண்டும். அத்தகைய ஆய்வுக்குப் பழவங்காடியினும் பொருத்தமான களம் அரிது.