வெள்ளியங்கிரி மூங்கில் தடி

கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து பேரூர், ஆலாந்துறை தாண்டிப் பூண்டி அடிவாரம் சேர்ந்தால், மலையேறுகிறவர் முதலில் தேடுவது மூங்கில் தடியைத்தான். வெள்ளியங்கிரியின் ஏழு மலைக்கும் அதுவே துணை. முதல் மலையின் செங்குத்துப் படிகளில் உடல் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும். காட்டுப் பாதையில் கால் வைக்குமுன் தரையைத் தட்டிப் பார்க்க உதவும். ஏழில் ஒன்றான திருநீற்று மலையின் சறுக்கும் வெண்மண்ணில் மூன்றாவது காலாகும். எடை குறைவு, வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. கணுவுக்கு மேல் பிடித்தால் வியர்த்த கையும் வழுக்காது.

ஏறும்போது தடியின் அருமை பாதிதான் தெரியும். இறங்கும்போது, முழங்கால் கெஞ்சும் ஒவ்வொரு படியிலும் மீதி தெரியும். வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை அனுமதி. போகிறவர்கள் பைச்சுமையைக் குறையுங்கள். தடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.