மாற்றிசை: பெயரும் பொருளும்

'மாற்றிசை' என்பது மேலைத்தேய றொக் இசையின் ஒரு வகையைச் சுட்டும் பெயராக வழங்கிவருகின்றது. மாற்று எனின், எதற்கு மாற்று என்னும் வினா எழுதல் இயல்பே. மெட்டிலும் தாளத்திலும் இசைக்கருவிகளிலும் இதற்கு விடை தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

பிரித்தானியாவில் 1980 ஜனவரியில் தொடங்கிய சுயாதீன இசைத்தட்டுப் பட்டியல் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பெருங்கம்பனிகளின் விநியோக அமைப்பைச் சாராது கடைக்கு வந்த தட்டுகளே அதில் இடம்பெற்றன. பாட்டு எவ்வாறு ஒலிக்கிறது என்பதன்று, எவ்வழியே கேட்போரை அடைகிறது என்பதே அங்கு அளவுகோல். ஐக்கிய அமெரிக்காவிற் பல்கலைக்கழக மாணவர் நடத்திய வானொலி நிலையங்கள் இத்தகைய இசைக்கு வழி திறந்தன. ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் தோன்றிய ஆர்.ஈ.எம். குழு அவ்வழியே வளர்ந்தது. ஆகவே 'மாற்று' என்பது தொடக்கத்தில் ஓர் உற்பத்தி, விநியோக உறவையே குறித்தது எனலாம்.

உறவு மாறிய பின்னரும் பெயர் நின்றது. ஆர்.ஈ.எம். 1988இல் வார்னர் கம்பனியுடன் ஒப்பந்தஞ் செய்தது. 1991இல் கிராமி விருதுகளில் மாற்றிசைக்கெனத் தனிப்பிரிவு தோன்றியது. முதல் விருதுக்குரியவரான சினேட் ஓ'கோனர் அதனை ஏற்க மறுத்தார். மாற்று என்பதன் பொருளை விருதளித்தோரினும் அவர் நன்குணர்ந்திருந்தார் போலும்! நிர்வாணா குழுவின் முதல் தட்டு (1989) ஏறத்தாழ 606 டொலர் செலவிற் பதிவானது. பெருங்கம்பனி வழியே 1991 செப்ரெம்பரில் வெளிவந்த 'நெவர்மைன்ட்', 1992 ஜனவரியில் மைக்கல் ஜக்சனின் தட்டைப் பின்தள்ளி அமெரிக்க விற்பனையில் முதலிடம் பெற்றது.

இதனைக் கொண்டு மாற்றிசை விலைபோயிற்று என முடிவுகட்டுவோர் உளர். அது இயந்திரப்பாங்கான கூற்று. தாழ்ந்தொலிக்கும் குரல் சட்டென வெடித்தெழும் அப்பாங்கினைக் கம்பனி வழங்கவில்லை. பிக்ஸீஸ் குழுவிடமிருந்து தாம் பெற்றதாக நிர்வாணாவின் கேட் கோபெயினே ஒப்புக்கொண்டுள்ளார். அப்பாடல்களின் வேதனையும் பொய்யன்று. சந்தை செய்தது வேறொன்று: அவ்வொலியை ஒரு வாய்பாடாக்கிற்று. அடங்கிய சரணம், அலறும் பல்லவி, உராய்ந்தொலிக்கும் கிற்றார் என்பன அமைந்தால் மாற்றிசை என்றாயிற்று. உறவைக் குறித்த சொல் ஒலியைக் குறிக்கலானது இவ்வாறே.

இக்காலத்திலேயே வாஷிங்டனின் ஃபுகாசி குழு, தன் உறுப்பினர் ஒருவர் இணைந்து நிறுவிய டிஸ்கோர்ட் வழியே தட்டுகளை வெளியிட்டது. நுழைவுச்சீட்டின் விலையையும் 5 டொலர் அளவிலேயே வைத்திருக்க முயன்றது. முதற்பொருளில் அப்பெயருக்கு முழு உரிமையுடையது இக்குழுவே. ஆயின் மாற்றிசை என்றதும் பலர் நினைவில் எழுவது நிர்வாணாவே.