கேட்கப்படாத மூன்று கேள்விகள்

முனைவர் பட்ட ஆய்வுக்கான நேர்காணல் முடிந்து வெளியே வரும் மாணவியிடம் உள்ளே என்ன கேட்டார்கள் என்று விசாரித்தால், “தலைப்பைப் பற்றி ரெண்டு கேள்வி, மத்தபடி பொதுவாத்தான் கேட்டாங்க” என்பாள். அந்தப் ‘பொதுவாக’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். “ஏம்மா, கல்யாணம் ஆயிருச்சா?” “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” “கைக்குழந்தையை யார் பாத்துப்பாங்க?” “கள ஆய்வுக்குத் தனியாப் போவியா?” “பார்ட் டைமா சேர்ந்துக்கலாமே?” எல்லாமே பரிவோடு கேட்கப்படுபவை. அதட்டிக் கேட்டால் எதிர்த்துப் பேசலாம். பரிவோடு கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பதே மரியாதைக் குறைவாகிவிடுகிறது.

இந்தக் கேள்விகளுக்கு நம் மொழியில் நீண்ட மரபு உண்டு. யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு பட்டியல் தருகிறது. தன் மகன், ஆசிரியரின் மகன், அரசனின் மகன், பொருளை அள்ளிக் கொடுப்பவன், பணிந்து வழிபடுபவன், சொன்னதை விரைந்து பற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையவன் என்று ஆறு பேர். அறிவாற்றல் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உறவு, அதிகாரம், பணம், பணிவு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. மகளுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இலக்கண வகுப்பில் இந்த நூற்பாவை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் மாணவிகள், தாங்கள் அதற்குள் இல்லை என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்கள்.

தமிழில் மிகவும் புகழ்பெற்ற சேர்க்கை நேர்காணல் 1871இல் மாயூரத்தில் நடந்தது. பதினாறு வயது உ.வே. சாமிநாதையர் தந்தையோடு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன்னால் நின்ற காட்சியை ‘என் சரித்திர’த்தில் படித்திருப்பீர்கள். நைடதத்திலிருந்து ஒரு பாடலைச் சொல்லச் சொல்கிறார் பிள்ளை. பையன் பயத்தோடு சொல்கிறான். இப்படி வந்து சேர்கிற பலரும் அரைகுறையாகப் படித்துவிட்டு இடையில் போய்விடுகிறார்கள் என்ற தயக்கமும் பிள்ளையிடமிருந்து வெளிப்படுகிறது. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்ற பேச்சும் வருகிறது. இடையில் நின்றுவிடுவாரோ என்ற ஆசிரியரின் கவலை, ஆக, புதியதல்ல. அதில் நியாயமும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமிநாதையருக்கு அதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. மணமானவர் என்பது அவருடைய படிப்புக்குக் குறுக்கே நிற்கும் செய்தியாக அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. ஆணின் திருமணம் அவனுடைய படிப்பைத் தாங்கும் ஏற்பாடாகவும் பெண்ணின் திருமணம் அவளுடைய படிப்புக்கு நேரப்போகும் விபத்தாகவும் எண்ணப்படுகின்றன. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. மணமான ஆண் விண்ணப்பதாரரிடம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பதில்லை. அந்த ‘யார்’ அவருடைய வீட்டில் ஏற்கெனவே இருக்கிறாள்.

நேர்காணலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு எழுத்தில் விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஒழுங்குமுறை மூன்றைச் சொன்னது. விண்ணப்பதாரருக்கு அந்த ஆய்வைச் செய்யும் திறன் இருக்கிறதா? அந்த நிறுவனத்தில் அந்த ஆய்வைச் செய்ய வாய்ப்பு இருக்கிறதா? அது அறிவுக்குப் புதிதாக எதையாவது சேர்க்குமா? இந்த மூன்றில் கணவர் இல்லை, மாமியார் இல்லை, தொட்டிலும் இல்லை. மாணவிகள் விவரிக்கும் பல நேர்காணல்களில் இந்த மூன்று கேள்விகள்தான் ஒழுங்காகக் கேட்கப்படுவதில்லை.

அதே ஒழுங்குமுறைதான் எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் முழுவதையும் நேர்காணலிடம் ஒப்படைத்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2018இல் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று மாறியது. அந்த 30 சிறிய எண் அல்ல. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அப்துல் நாஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, சமூகப் பிரிவு சார்ந்த பாகுபாட்டின் தடங்களைக் கண்டது; 30ஐ 15ஆகக் குறைக்கும்படி 2016இல் பரிந்துரைத்தது. 2017 மார்ச்சில் இறந்துபோன சேலத்து ஆய்வு மாணவர் முத்துக்கிருஷ்ணனின் கடைசி முகநூல் பதிவும் ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்பதைத்தான் சொன்னது. விடைத்தாளுக்கு முகம் இல்லை. நேர்காணல் அறைக்குள் ஊர், நிறம், பேச்சு வழக்கு, தாலி எல்லாம் சேர்ந்தே நுழைகின்றன. தலித் மாணவி அங்கே இரண்டு முறை எடைபோடப்படுகிறாள்.

கேட்பவர்களின் தரப்பையும் பார்ப்போம். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு பேருக்கும் இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும் உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். இடையில் நின்றுபோகும் ஒருவர் ஓர் இடத்தை வீணாக்கிவிடுவார் என்ற பயம் அதிலிருந்து வருகிறது. அந்தப் பயத்துக்குக் கைவசமிருக்கும் எளிய மருந்தாகப் பெண்ணைச் சேர்க்காமல் விடுவது இருக்கிறது. உதவித்தொகை வராததாலும் நெறியாளரின் போக்காலும் விடுதிக் கட்டணத்தாலும் நின்றுபோகிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

நேர்காணலுக்கு ஆயத்தம் என்ற பெயரில் நம் மாணவிகளுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் உடையைப் பற்றியது. பருத்திப் புடவை கட்டு, குனிந்து வணக்கம் சொல், எதிர்த்துப் பேசாதே. நன்னூல் கேட்ட வழிபாட்டின் இன்றைய வடிவம் இது. ஆயத்தம் வேறு இடத்தில் தொடங்க வேண்டும். விதியில் இருந்தும் கேட்கப்படாத அந்த மூன்று கேள்விகளுக்கும் முதலில் எழுத்தில் பதில் தயாரியுங்கள். ‘சங்க இலக்கியத்தில் பெண்’ என்பது தலைப்புதான், ஆய்வுச் சிக்கல் அல்ல. எந்த நூல்கள், எந்தக் கேள்வி, இதுவரை யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், அதில் உங்களுக்கு எது போதவில்லை என்று நான்கு வாக்கியங்களில் சொல்ல முடிய வேண்டும். மூலநூலைப் பதிப்போடு சொல்லுங்கள். அந்தத் துறையின் நூலகத்தில் உங்களுக்கு வேண்டியது என்ன இருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை எங்கே தேடுவீர்கள் என்றும் சொல்லுங்கள்.

வீட்டுக் கேள்வி வந்தால்? அதற்கு அரசிதழிலேயே பதில் இருக்கிறது. 2022 ஒழுங்குமுறைப்படி ஆய்வுக் காலம் 3 முதல் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தரலாம். மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. மகப்பேற்றுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள்வரை விடுப்பு உண்டு. “விதிமுறையில் அதற்கு இடம் இருக்கிறது, ஐயா. என் ஆய்வுத் திட்டத்தை ஆண்டுவாரியாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்” என்று சொல்லலாம். பணிவும் குறையாது, பேச்சும் ஆய்வுக்குத் திரும்பிவிடும். குழந்தை வளர்ப்பைப் பெண்ணின் பொறுப்பாகவே வைத்திருக்கும் விதி இது என்ற விமர்சனம் எனக்கு உண்டு. என்றாலும் கையில் இருக்கும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு விமர்சிக்க வேண்டியதில்லை.

இந்தப் பதில் எல்லா அறைகளிலும் எடுபடும் என்று உறுதி சொல்ல முடியாது. மாணவியின் ஆயத்தம் மட்டுமே இதைச் சரிசெய்துவிடாது. எந்தக் கேள்விக்கு என்ன மதிப்பெண் தரப்பட்டது என்று ஒவ்வொரு நேர்காணல் குழுவும் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்கக் கூச்சப்படும் கேள்வியைக் கேட்கவும் கூடாது. இப்போது நம்மில் பலர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கும்போது கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொள்ளாமல், “ஆய்வுச் சிக்கலைச் சொல்லுங்கம்மா” என்று குறுக்கிட நமக்கு முடிய வேண்டும்.